மனத்தின் இயல்பை ஆராய்ந்த மாமேதை இப்னு ஸீனா

மருத்துவ மேதை என்ற அளவில் இப்னு ஸீனா அவர்களின் பெயரை நம் ஜமாஅத்தார்களில் பெரும்பாலோர் அறிவர். யுனானி மருத்துவம் குறித்துப் பேச்சு எழும் இடமெல்லாம் அப்பெயரும் உடன் எழும். ஆனால், இன்று கல்லூரிகளில் உளவியல் பயிலும் நம் பிள்ளைகள் முதலாண்டில் கற்கும் புலனுணர்வு, நினைவு, கற்றல், மனவெழுச்சி ஆகிய அடிப்படைக் கருத்துகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் வரிசைப்படுத்தி ஆராய்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879ஆம் ஆண்டு வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடத்திலிருந்தே பாடநூல்கள் உளவியலின் வரலாற்றைத் தொடங்குகின்றன. ஆய்வுக்கூட அறிவியல் என்ற அளவில் அது சரியே. மனத்தைப் பற்றிய சிந்தனையோ அதற்கு நெடுங்காலம் முற்பட்டது.

இவ்வாண்டு மலருக்கு இவருடைய வாழ்க்கையை நாம் தேர்ந்தெடுத்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. உடலுக்கு நோய் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லும் நாம், மனத்திற்கு நோய் வந்தால் அதை மறைத்து வைக்கிறோம். பெண் கொடுக்கல் வாங்கலுக்கு அஞ்சுகிறோம். மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துகிறோம். இது குறித்து இப்னு ஸீனா எழுதிய ஒரு கருத்து நம் அனைவரும் அறிய வேண்டியதாகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு ஸீனா, ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகருக்கு அருகே அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பல்கு நகரிலிருந்து வந்து ஸாமானிய அரசில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். பத்து வயதிற்குள் குர்ஆனை மனனம் செய்து முடித்தார். இந்தியக் கணக்கு முறையைக் கற்பதற்காக, அதில் தேர்ச்சி பெற்றிருந்த ஒரு காய்கறி வணிகரிடம் தந்தையார் அவரை அனுப்பினார் என்பது நம் நாட்டவர் மகிழ்வதற்குரிய செய்தி. ஃபிக்ஹு சட்டங்களையும் தர்க்கத்தையும் வடிவக் கணிதத்தையும் ஆசிரியர்களிடம் பயின்றார். ஆசிரியரால் இயலாதபோது தாமே நூல்களைப் படித்துத் தெளிந்தார். விளங்காத சிக்கல் எழும்போது பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அது தெளிவாகும்படி இறைவனிடம் வேண்டுவது தம் வழக்கம் என அவரே தம் வரலாற்றில் பதிந்துள்ளார். அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூலை நாற்பது முறை படித்தும் பொருள் விளங்கவில்லை. நூல் விற்போர் கடைத்தெருவில் மூன்று திர்ஹத்திற்கு மலிவாகக் கிடைத்த அல்ஃபாராபியின் சிறுநூலைப் படித்தபின்னரே அது புலப்பட்டது. மறுநாளே ஏழைகளுக்கு தர்மம் வழங்கினார்.

பதினாறு வயதில் அவர் மருத்துவத்தில் தேர்ந்திருந்தார். ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் இவரும் ஒருவர். அதன் பயனாக அரண்மனை நூலகத்தில் நுழையும் அனுமதி கிடைத்தது. அங்கே கிடைத்ததை எல்லாம் அவர் பதினெட்டு வயதிற்குள் படித்து முடித்தார்.

தந்தையார் இறந்தார், ஸாமானிய அரசும் வீழ்ந்தது. அதன்பின் அவருடைய வாழ்வு ஓரிடத்தில் நிலைபெறவே இல்லை. குவாரிஸ்ம் நாட்டின் குர்கஞ்ச், காஸ்பியன் கடலருகே ஜுர்ஜான், பின்னர் ரய், ஹமதான், இஸ்ஃபஹான் என நகர் நகராக அலைந்தார். ஜுர்ஜானில் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி என்னும் மாணவர் வந்து சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் உடனிருந்தார். ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதிய வரலாறும், அதன்பின் தாமே கண்டு எழுதிய வரலாறும் அம்மாணவர் நமக்கு விட்டுச் சென்றவை. ஆசிரியரின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. அல்கானூன் ஃபித் திப் என்னும் ஐந்து பாக மருத்துவ நூலை இப்னு ஸீனா தொடங்கியது ஜுர்ஜானில்தான்.

அவருடைய மனவியல் கருத்துகள் முதன்மையாக அஷ்ஷிஃபா என்னும் பெருநூலில் நஃப்ஸு பற்றிய பகுதியில் உள்ளன. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என வெளிப்புலன்கள் ஐந்து இருப்பதுபோல், உள்ளே ஐந்து ஆற்றல்கள் உள்ளன என்றார் அவர். கண்டதையும் கேட்டதையும் ஒன்றாக இணைக்கும் பொது உணர்வு. இணைத்த வடிவத்தைச் சேமிக்கும் ஆற்றல். சேமித்தவற்றைப் பிரித்தும் சேர்த்தும் புதியவற்றை உருவாக்கும் கற்பனை. பொருளின் உட்கருத்தை உணரும் வஹ்ம். அவ்வுட்கருத்தைப் பாதுகாக்கும் நினைவு. மேலிருந்து விழும் மழைத்துளி நம் பார்வைக்கு நேர்கோடாகத் தெரிகிறது. இருட்டில் ஊதுபத்தியைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது. கண்ணில் படுவதோ ஒவ்வொரு கணமும் ஒரு புள்ளிதான். அப்படியானால் கோட்டையும் வளையத்தையும் காண்பது கண் மட்டும் அன்று, உள்ளே வேறோர் ஆற்றலும் சேர்ந்து காண்கிறது என அவர் முடிவு செய்தார். உணர்தல் வேறு, உணர்ந்ததை மனம் ஒழுங்குபடுத்திக் காணுதல் வேறு என்று இன்று முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

பேச்சு வழக்கில் வஹ்மு என்றால் வீணான ஐயம் என்று பொருள் கொள்கிறோம். இப்னு ஸீனா அச்சொல்லை ஆழமான பொருளில் ஆண்டார். ஓநாயைக் காணும் ஆடு அதன் நிறத்தையும் வடிவத்தையும் கண்ணால் காண்கிறது. அதன் பகைமையைக் கண்ணால் காண இயலாது. ஆயினும் ஓடுகிறது. அப்பகைமையை உணர்வது வஹ்ம் என்றார். இத்தகைய உணர்வு பிறவியிலேயே அமைவதும் உண்டு, அனுபவத்தால் வருவதும் உண்டு. தடியால் அடிபட்ட நாய் தடியைக் கண்டாலே அஞ்சுகிறது. தடியின் தோற்றமும் வலியின் நினைவும் அதன் உள்ளத்தில் ஒன்றாய்ப் பிணைந்துவிட்டன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின் ரஷ்யாவில் பாவ்லவ் நாய்களை வைத்து அளந்து காட்டியதற்கு நெருங்கிய கருத்து இது. பாவ்லவ் சோதனை செய்து எண்களால் நிறுவினார். இப்னு ஸீனா கவனித்துச் சிந்தித்துச் சொன்னார். இவ்வேறுபாட்டை மறந்து எல்லாவற்றையும் நம்மவர் முன்பே கண்டுவிட்டனர் எனப் பெருமை பேசுவது முறையாகாது.

மனம் உடலை ஆள்வதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு நம் பகுதி மக்களுக்கு உடனே விளங்கும். தரையில் கிடக்கும் பலகையின்மீது எவரும் தயங்காமல் நடப்பர். அதே பலகையைப் பள்ளத்தின் குறுக்கே பாலமாக இட்டால் கால் நடுங்கும். விழுவோம் என்ற எண்ணமே விழச் செய்யும். காசிமேட்டில் படகிற்கும் கரைக்கும் இடையே போட்ட பலகையில் முதல்முறை கால் வைத்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார். பலகை மாறவில்லை, கால்களும் மாறவில்லை. மாறியது மனத்தில் எழுந்த காட்சி மட்டுமே. அச்சம், கவலை, நம்பிக்கை ஆகியவை உடலில் உண்மையான மாற்றத்தை விளைவிக்கும் என்பதை இதனின்று அவர் வலியுறுத்தினார்.

அவர் முன்வைத்த மற்றொரு சிந்தனைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. முழு வளர்ச்சியுடன் ஒரு மனிதன் திடீரெனப் படைக்கப்பட்டு, கண்கள் மறைக்கப்பட்டு, கை கால்கள் ஒன்றையொன்று தொடாதவாறு வெட்டவெளியில் மிதப்பதாகக் கொள்வோம். எதையும் காணாமல், எதையும் தொடாமல் இருக்கும் அவனுக்குத் தன் உடல் இருப்பதே தெரியாது. ஆயினும் தான் இருக்கிறோம் என்பதை அவன் அறிவான். எனவே, நான் என்னும் உணர்வு உறுப்புகளிலிருந்து வேறானது என்பது அவருடைய வாதம். பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637இல் இதனையொத்த கருத்தை வெளியிட்டார். இவ்வாதத்தை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உளர்.

இனி, கானூன் நூலுக்கு வருவோம். காதல் நோயால் மெலிந்து, காரணத்தை வெளியிட மறுப்பவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எப்பெயரில் நாடி துள்ளுகிறது எனக் காணும் முறையை அதில் விளக்கியுள்ளார். தாமே அதைச் செய்து பார்த்ததாகவும் குறித்துள்ளார். குழந்தைகளுக்குக் கடுங்கோபமோ அச்சமோ துயரமோ நேராமல் காக்க வேண்டும் என்றும், ஆறு வயதில் ஆசிரியரிடம் அனுப்பினாலும் ஒரேயடியாகப் புத்தகச் சுமையை ஏற்றலாகாது என்றும் அந்நூல் கூறுகிறது.

அந்நூலில் மாலன்கோலியா என்னும் கடும் மனச்சோர்வு நோய் பற்றிய பகுதியில்தான் நாம் முன்னர்க் குறிப்பிட்ட கருத்து உள்ளது. இந்நோய் ஜின்களால் வருகிறது என மருத்துவர்களில் சிலரே கருதினர். இப்னு ஸீனா அதன்மேல் வாதம் செய்யவில்லை. ஜின்னால் வருகிறதா இல்லையா என்பது மருத்துவம் கற்பிக்கும் எமது கவலையன்று என்றார். ஜின்னால் வருவதாகவே கொண்டாலும், அது உடலின் தன்மையை மாற்றிக் கரும்பித்தத்தை மிகுவிப்பதன் வழியாகவே நோயை உண்டாக்குகிறது. ஆகவே நோயின் அண்மைக் காரணம் கரும்பித்தமே. மருத்துவர் அதற்குச் சிகிச்சை அளிக்க வேண்டும். அக்கரும்பித்தத்திற்குப் பின்னால் எது இருந்தாலும் இருக்கட்டும் என்று எழுதினார்.

இதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். ஜின்களை நம்புவது நம் ஈமானைச் சார்ந்தது. அந்நம்பிக்கையைக் கைவிடும்படி அவர் எவரையும் கேட்கவில்லை. நம்பிக்கையைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதே இதன் உட்பொருள் என நாம் கொள்கிறோம். இக்கருத்து நம்மிடையே பரவாமற்போனதன் விலையைத் தமிழகம் கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் தப்பி ஓட இயலவில்லை; 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி அறியாத தாய் தந்தையரும் உடன்பிறந்தாருமே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. குஜராத்தின் உனாவாவில் உள்ள தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும், துஆவுடன் மருந்தும் என்ற முறையில், அங்கு வருவோரை மனநல மருத்துவர்கள் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. இது இப்னு ஸீனாவின் வழியேயாகும்.

ரய் நகரில் அவர் அரசர் மஜ்துத் தவ்லாவின் மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை அளித்தார் என்பது ஜூஸ்ஜானியின் குறிப்பு. மற்றொரு செய்தியைப் பாரசீக எழுத்தாளர் நிஜாமீ அரூழி ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதினார். ஓர் இளவரசர் தம்மைப் பசுமாடு என நம்பி, தம்மை அறுத்து, கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழையக் காய்ச்சும் ஹரீஸா சமைக்கும்படி கதறினார், உணவையும் மறுத்தார். இப்னு ஸீனா கசாப்புக்காரரைப்போல் கத்தியுடன் வந்து, விலா எலும்பைத் தடவிப் பார்த்து, மாடு மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள் என்று சொல்லிச் சென்றார். அதுமுதல் இளவரசர் உண்டார், உணவில் கலந்த மருந்தும் உள்ளே சென்றது, குணமடைந்தார். கதை எவ்வளவு மெய் என்பதற்கு நாம் பொறுப்பேற்க இயலாது. இன்றைய மருத்துவர் இவ்வாறு நடிப்பதுமில்லை. ஆனால் நோயாளியை ஏசுவதாலும் அவருடன் தர்க்கம் செய்வதாலும் பயனில்லை என்பதை, வீட்டில் இத்தகையவரை வைத்துப் பராமரிக்கும் எவரும் அறிவர்.

ஹமதானில் ஷம்ஸுத் தவ்லாவின் அமைச்சரானார். படைவீரர்கள் கிளர்ந்து அவருடைய வீட்டைச் சூறையாடிக் கொலைத் தண்டனை கோரினர்; நாற்பது நாட்கள் ஒரு நண்பர் வீட்டில் மறைந்திருந்தார். அரசருக்கு வயிற்றுவலி திரும்பவே மீண்டும் பதவி கிடைத்தது! பகலில் அரசுப் பணி, இரவில் மாணவர்களுடன் நூற்பணி. அரசர் இறந்தபின் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறையிருந்தார்; அங்கும் எழுதினார். பின்னர் சூஃபிகளின் உடையில், தம்பியுடனும் ஜூஸ்ஜானியுடனும் இஸ்ஃபஹானுக்குத் தப்பிச் சென்று, அலாவுத் தவ்லாவிடம் மதிப்புடன் வாழ்ந்தார். கடும் குடல்நோய் அவரைத் தாக்கியது. தம் உடலை ஆளும் ஆற்றல் தளர்ந்துவிட்டதை உணர்ந்து மருந்தை நிறுத்தினார். தவ்பா செய்து, செல்வத்தை ஏழைகளுக்கு ஈந்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் ஈடுபட்டார் என வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதியுள்ளார். ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) ஹமதானில் காலமானார்.

அவருடைய மெய்யியல் கொள்கைகளில் சிலவற்றை ஆலிம்கள் வன்மையாக மறுத்துள்ளனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தஹாஃபுத் என்னும் நூலில் மெய்யியலாரின் இருபது கருத்துகளை எடுத்து மறுத்து, உலகம் அநாதியானது என்பது உள்ளிட்ட மூன்றில் அவர்கள் ஈமானின் எல்லையையே கடந்துவிட்டனர் எனத் தீர்ப்பளித்தார்கள். எனினும் அதே நூலில், வெளிப்புலன்கள், உள்ளாற்றல்கள் பற்றிய விளக்கத்தைச் சொல்லி, இதில் மார்க்க அடிப்படையில் மறுக்கத்தக்கது எதுவும் இல்லை என்றும் எழுதியுள்ளார்கள்.

கரும்பித்தம் முதலான நால்வகைப் பாய்மக் கொள்கையை இன்றைய நவீன மருத்துவம் ஏற்பதில்லை. மூளையின் செயல்பாடு குறித்து அவர் கொண்டிருந்த வரைபடமும் மாறிவிட்டது. கானூன் நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாயிருந்தது. 1593இல் ரோம் நகரில் அரபு மொழியிலேயே அச்சேறியது. இந்தியாவில் ஹகீம்களின் மூலநூலாக நிலைத்தது. அந்த மரபைச் சார்ந்த மத்திய அரசின் யுனானி மருத்துவ மண்டல ஆராய்ச்சி நிலையம் நம் இராயபுரத்திலேயே, மேற்கு மாதா சர்ச் தெருவில் இயங்கி வருவதை ஜமாஅத்தார்கள் அறிந்திருக்கலாம். நவீன மனநலச் சிகிச்சைக்கு, திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள நம் பகுதியினர் எளிதில் சென்றடையக்கூடிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. கீழ்ப்பாக்கத்தில் 1794இல் தொடக்கம் கண்ட மரபைச் சேர்ந்த அரசு மனநல மருத்துவமனையும் உள்ளது. வெளியே செல்லத் தயங்குவோர், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.