யானைக்காகக் காத்திருந்தவர்

கேலாங் ஆற்றோரம் ஒரு சனிக்கிழமை காலை மீன்கொத்தி ஒன்றைப் படமெடுக்கப் போனேன். நாற்பது நிமிடத்தில் 212 படங்கள்! அறைக்குத் திரும்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் கிளைதான். பறவை எப்போதோ பறந்துவிட்டிருந்தது. அன்று எனக்கு நினைவுக்கு வந்தவர் மா. கிருஷ்ணன். தமிழ்ப்பள்ளியிலும் சரி, பின்பு தேசியப் பள்ளியிலும் சரி, நான் கேள்விப்பட்டிராத பெயர் இது. நண்பர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை இவர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாவரவியலில் முதுகலைப் பட்டம், அதன்மேல் சட்டப் பட்டம். இரண்டில் எதையும் பிழைப்பாக்கிக்கொள்ளவில்லை. 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி என்று பல வேலை பார்த்தார். 1949இல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. சென்னை திரும்பியவர் அதன்பின் யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்தும் கேமராவும்தான் சோறு போட்டன. வேலை தேடும் வயதில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது, இல்லையா?

அவருடைய கேமரா கடையில் வாங்கியது அல்ல. வேறுவேறு பாகங்களைப் பொருத்தி அவரே உருவாக்கிய கனமான பெட்டி அது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து போவார். யானைமேல் இருப்பவரைக் கண்டு காட்டு விலங்குகள் அவ்வளவாக மிரளாது. ஆனால் யானை அசைந்தால் கேமராவும் அசையுமே! அது அசையாமல் நிற்க வேண்டும், வெளிச்சம் சரியாக விழ வேண்டும், எதிரே இருக்கும் விலங்கு தன் இயல்பில் இருக்க வேண்டும். மூன்றும் கூடிவரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். எடுத்த படம் சரிதானா என்பது பிலிமைக் கழுவிய பிறகே தெரியும்.

வெறும் அழகுக்காக அவர் காத்திருக்கவில்லை என்பதே என் எண்ணம். விலங்கு எங்கே மேய்கிறது, எந்தச் செடியைத் தின்கிறது, குட்டியை எப்படி நடத்துகிறது என்பதையெல்லாம் கவனித்தார். 1968இல் நேரு நிதிநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று 2002இல் நூலாயின. தேர்ந்தெடுத்த படங்கள் பெரிய தொகுப்பாக வந்தது 2006இல்தான். இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை இரு வாரத்துக்கு ஒருமுறை நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். கடைசிப் பத்தி 1996 பிப்ரவரி 18 அன்று வெளிவந்தது. அன்றுதான் அவர் காலமானார்.