பல் டாக்டரா, சர்ஜனா? 40 வயதில் மறுபடியும் மாணவரான கசான்ஜியான்

விபத்தில் தாடை உடைந்தால், ஆபரேஷன் செய்பவர் பெரும்பாலும் பல் மருத்துவம் படித்த சர்ஜனாக இருப்பார். முக ஆபரேஷனுக்குப் பல் டாக்டர் எதற்கு? இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான வராஸ்டாட் கசான்ஜியானின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

யார் இவர்?

1879-ல் ஒட்டோமான் பேரரசில், ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் அமெரிக்கா வந்து, மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள வூஸ்டர் நகரில் ஒரு கம்பி ஆலையில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1905-ல் ஹார்வர்டில் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

போரில் என்ன செய்தார்?

முதல் உலகப் போர் நடந்த 1915-ல், ஹார்வர்டு மருத்துவக் குழுவோடு பிரான்ஸ் போனார். சில மாதங்களில் திரும்ப வேண்டியவர், 1919 வரை அங்கேயே இருந்துவிட்டார். முகமும் தாடையும் சிதைந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்.

எலும்பைச் சரிசெய்யாமல் காயத்தை மட்டும் தைத்தால், தழும்பு இறுகி முகம் உள்வாங்கிவிடும். அதனால் முதலில் பற்களைக் கம்பியால் கட்டினார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தினால், உடைந்த எலும்பும் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். எலும்பே போன இடத்தில் கெட்டி ரப்பரால் தாங்கி செய்து வைத்தார். பல் மருத்துவப் படிப்பும், கம்பி வேலை செய்து பழகிய கையும் கைகொடுத்த இடம் இதுதான். பிரிட்டன் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைக் கௌரவித்தார்.

பிறகு ஏன் படித்தார்?

போர் முடிந்து ஊர் திரும்பியதும் ஒரு சிக்கல். அவரிடம் இருந்தது பல் மருத்துவப் பட்டம் மட்டுமே. பெரிய முக ஆபரேஷன்களைத் தொடர மருத்துவப் பட்டமும் தேவைப்பட்டது. புகழ்பெற்ற அந்த 40 வயதுக்காரர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1921-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1941-ல் ஹார்வர்டின் முதல் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர் ஆனார். 1974-ல், 95 வயதில் காலமானார்.

இன்று என்ன படிக்கணும்?

ஒரு பட்டமா, இரண்டா என்பது இன்றும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் பல் மருத்துவம் முடித்து 4 வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி பெறலாம்; மருத்துவப் பட்டமும் சேர்த்து வேண்டும் என்றால் சுமார் 6 வருடம். பிரிட்டனில் பொதுவாக இரண்டு பட்டமும் வேண்டும். இந்தியாவில் 5 வருட பிடிஎஸ், பிறகு 3 வருட எம்டிஎஸ் போதும், எம்பிபிஎஸ் கட்டாயமில்லை.