கோல் போட வந்தவர், கோலைக் காத்தார்!

கால்பந்து ஆட்டத்தில் கோல் போடுகிறவரை ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடும். கோலைக் காப்பவரை யாரும் தூக்குவதில்லை. அவர் பத்துப் பந்தைத் தடுத்தால், "அது அவர் வேலை" என்பார்கள். ஒரு பந்தை விட்டுவிட்டால், தோல்விக்கே அவர்தான் காரணம் என்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் நின்று, ஆசியாவிலேயே சிறந்த கோல் காவலர் என்று பெயர் வாங்கினார் ஒருவர். அவர்தான் பீட்டர் தங்கராஜ். அந்தப் புகழுக்கு ஏணி வைத்துக் கொடுத்தது நீலகிரி மலை!

சிறுவனும் பந்தும்

1935-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி ஐதராபாத்தில் தங்கராஜ் பிறந்தார். அப்போது அங்கே நிஜாம் ஆட்சி. ஐதராபாத்தும் அதை ஒட்டிய செகந்திராபாத்தும் கால்பந்துக்குப் பேர் போன ஊர்கள். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் தங்கராஜ் ஆடிப் பழகினார்.

1953-ல் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது 18 வயதுகூட நிறையவில்லை. அவர் ஆடியது மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தின் அணியில். இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை, மதராஸ் ரெஜிமெண்ட்தான். அதன் பயிற்சி மையம், குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது.

சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மலை ரெயில் புகை கக்கிக்கொண்டு ஏறும் பாதை. கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 6 ஆயிரம் அடி உயரம். காற்றில் பிராண வாயு குறைவு. சமவெளியில் இருந்து வந்தவருக்கு, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். அதே இடத்தில் ஓடி ஆடிப் பழகிவிட்டாலோ, நெஞ்சு உரம் பெற்றுவிடும்.

இடம் மாறியது

தங்கராஜ் அணிக்கு வந்தபோது கோல் காவலர் அல்ல. கோல் போடுகிறவர். ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களில் நடுநாயகமாக ஆடும், "சென்டர் பார்வர்டு".

பிறகுதான் அவர் பின்னால் போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். முன்னே ஓடிப் புகழ் வாங்கும் இடத்தை விட்டு, பின்னே நின்று பழி தாங்கும் இடத்துக்குப் போவது என்றால் லேசா? இளைஞர் பலர் முகம் சுளிப்பார்கள். தங்கராஜ் அந்த இடத்தைத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டார்.

கால்பந்து கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. தங்கராஜின் உயரமோ 6 அடிக்கும் மேல்! நின்ற இடத்தில் கையை உயர்த்தினாலே குறுக்குக் கட்டைக்குப் பக்கத்தில் போய்விடும். முன்பு தாமே கோல் போட்டுப் பழகியவர் ஆதலால், எதிரி எந்தப் பக்கம் உதைப்பான் என்ற சூட்சுமமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மலைக்கு வந்த கோப்பை

1888-ல் சிம்லாவில் தொடங்கியது டூரண்டு கோப்பைப் போட்டி. நாட்டிலேயே பழமையான கால்பந்துப் போட்டி அது. 1955-ல் மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம் அந்தக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றது இந்திய விமானப் படை அணி. 1958-ல் மீண்டும் வெற்றி! இந்த முறை தோற்றது கூர்க்கா படை அணி. வெலிங்டன் மலைக்கு இரண்டு முறை பெருமை தேடிக் கொடுத்த அந்த அணிக்குக் காவல் தங்கராஜ்.

1955-ல் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில், அவர் முதல் முறையாக இந்திய அணிக்கு ஆடினார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பெற்றது. கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த ஒலிம்பிக் இடம் அதுதான். அந்த அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில், பிரான்சை 1-1 என்று இந்தியா மடக்கியபோதும் கோலில் நின்றவர் அவரே.

அதே 1960-ல் ராணுவ வீரர்களின் சர்வீசஸ் அணி, முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதற்குத் தலைவர் தங்கராஜ்!

காய்ச்சலில் இருந்து எழுந்தார்

1962-ம் ஆண்டு. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்சியாளர் ரகீம். அவரை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது புற்றுநோய்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2 கோலில் இந்தியா தோற்றது. அதன் பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் என்று மூன்று நாடுகளையும் வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது யார்? அதே தென் கொரியா!

தங்கராஜைக் காய்ச்சல் படுக்க வைத்திருந்தது. அரையிறுதியில் கோலைக் காத்தவர், பிரத்யுத் பர்மன் என்னும் வங்காள இளைஞர். அவரும் திறமைசாலிதான். ஆனால் கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடித்துத் தலையால் முட்டுவதில் வல்லவர்கள். அதைத் தடுக்க உயரமான ஆள் வேண்டும் என்று ரகீம் கணக்குப் போட்டார். காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராஜைக் களத்தில் இறக்கினார்.

அங்கே இன்னொரு சங்கடம். தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேசியா அழைக்காததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் கூட்டம் கொதித்தது. இந்தியாவின் தேசிய கீதத்தின்போதே கூச்சல் கிளம்பியது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். தலையில் தையலோடு ஆடிய ஜர்னெயில் சிங் மற்றொன்று போட்டார். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அவ்வளவுதான். 2-1. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு! அதன் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதே இல்லை. ரகீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

கல்கத்தா வாழ்க்கை

ராணுவத்தை விட்டபின் தங்கராஜ் கல்கத்தாவுக்குப் போனார். முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். ஒரு கழகத்தின் ரசிகன் மற்றொன்றின் ரசிகனோடு மல்லுக்கு நிற்கும் ஊர் அது. அங்கே மூன்று பக்கமும் வரவேற்பு பெறுவது சாமானியமா? 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. 1971-ல் ஓய்வு பெற்றார்.

கற்றதைக் கொடுத்தார்

ஆட்டம் நின்றதும் பலர் பழம்பெருமை பேசிக் காலம் கழிப்பார்கள். தங்கராஜ் பயிற்சியாளர் ஆனார். பிற்காலத்தில் பொகாரோ உருக்கு நகரில் தங்கி, இளைஞர்களுக்குக் கால்பந்து கற்றுக் கொடுத்தார்.

கோல் காவல் என்பது சும்மா பாய்ந்து விழுவது அல்ல. எதிரி தனியாக வரும்போது கோட்டிலேயே நின்றால், அவனுக்கு இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். முன்னே வந்து நின்றால் வழி குறுகும். அதிகம் முன்னே வந்துவிட்டாலோ, தலைக்கு மேலே பந்து போய்விடும். எத்தனை அடி வருவது, எப்போது வருவது? இதை ஏட்டில் படிக்க முடியாது. பல ஆண்டுகள் நின்று பார்த்தவர்தான் சொல்லித் தர முடியும். அந்தப் பாடம் தங்கராஜின் உடம்பில் இருந்தது.

2008-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, பொகாரோவில் அவர் காலமானார். அவருக்கு வயது 72.

தடுத்த பந்துகளுக்குக் கணக்கு எழுதி வைப்பார் யாரும் இல்லை. ஆனால் 2-1 என்ற ஜகார்த்தா வெற்றியில், அந்த 1 என்பது 2 ஆகாமல் நின்றதே, அதுதான் தங்கராஜின் கணக்கு!