நெய்யூருக்கு வந்த இரைப்பை மருத்துவர்

பிள்ளைச்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஏதேனும் ஒரு மருந்துக் கடையில் காலை நேரத்தில் சற்று நின்று பார்த்தால் தெரியும்: சீட்டில்லாமல் கேட்டு வாங்கப்படும் மாத்திரைகளில் முன்வரிசையில் நிற்பவை நெஞ்செரிச்சலுக்கும் 'கேஸ்' தொல்லைக்குமானவை. விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பியவர், கல்லூரிக்குப் பேருந்து பிடிக்கும் மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லோருக்கும் அதே அட்டை. வெறும் வயிற்றில் ஒன்று. இரைப்பையின் அமிலம் இன்று நமக்குச் சில ரூபாயில் அடங்கிவிடுகிற சங்கதி. நூறாண்டுக்கு முன்பு தமிழகத்தின் தென்கோடியில் அதே அமிலம் மனிதர்களை எலும்பும் தோலுமாக்கிக் கொன்றுகொண்டிருந்தது. அவர்களுக்காகத் தன் வாழ்க்கையின் திசையையே மாற்றிக்கொண்டவர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல்.

1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணி உற்பத்தி செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் அறிவியலும் லண்டனில் மருத்துவமும் கற்றார். முதல் உலகப் போரில் பிரான்சில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1916-இல் சோம் போர்க்களத்திலிருந்து வந்து குவிந்த காயக்காரர்களைக் கண்டபின் போரை அடியோடு வெறுத்தார். ஓவியம் வரைவார்; திபெத்தில் கேட்ட பாடல்களை இசைக்குறிப்பாக எழுதி வைப்பார். உலகம் அவரை அறிந்தது மலையேறியாகத்தான். 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் இருந்தார். அந்தப் பயணம் பனிச்சரிவில் சுமை தூக்கிகள் எழுவரின் உயிரோடு முடிந்தது. வெள்ளையர்களில் ஒருவரும் சாகவில்லை என்பது அவரை நெடுநாள் உறுத்தியது.

ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்றைய தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். லண்டன் மிஷன் சங்கம் 1838-இல் தொடங்கிய மருத்துவமனை அங்கே இருந்தது. அறுவை செய்யத் தகுதி பெற்ற மருத்துவர் ஒரே ஒருவர். வெளியே நோயாளிகளின் முடிவில்லாத வரிசை. லண்டனில் தனக்கெனக் காத்திருந்த உயர்ந்த வாய்ப்பை உதறிவிட்டு அங்கேயே பணிபுரிய முடிவெடுத்தார். சமயப் பற்று அதில் ஒரு பங்கு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வரிசையைப் பார்த்தபின் திரும்பிப் போக அவருக்கு மனம் வரவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

நெய்யூரிலிருந்துதான் 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4 அன்று உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே, தொண்டை உறைந்து மூச்சுத் திணறி நின்றுவிட்டார். இறங்கும் வழியில் தொண்டையை அடைத்திருந்த சதையைத் தன் மார்பைத் தானே அழுத்தி வெளியேற்றி உயிர் தப்பினார். பிறகு நேரே நெய்யூருக்குத் திரும்பி, கத்தியைக் கையில் எடுத்தார்.

அங்கே அவர் மேசைக்கு மீண்டும் மீண்டும் வந்தது ஒரே நோய்: முன்சிறுகுடல் புண். நம் இரைப்பை நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் சாற்றைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் உணவைச் செரிக்க உதவும், கிருமிகளைக் கொல்லும். இரைப்பையின் சுவரைச் சளிப்படலம் காக்கிறது. அந்தக் காப்பு தளர்ந்த இடத்தில் அமிலம் சதையையே அரிக்கத் தொடங்கும். வயிறு காலியாகும்போதும் நள்ளிரவிலும் வலி எழும். ஏதாவது உண்டால் சற்றே தணியும். தென்னிந்தியாவில் இந்தப் புண் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆறியும் வெடித்தும் தழும்பேறி, இரைப்பையின் வாயிலையே அடைத்துவிடும். முந்தின நாள் உண்டதை மறுநாள் வாந்தியெடுத்து, உழைக்கத் திராணியற்றுப் போன விவசாயக் கூலிகளே அங்கு வந்தவர்களில் மிகுதி.

சோமர்வெல்லும் சக மருத்துவர்களும் ஆயிரக்கணக்கானோருக்கு அறுவை செய்தனர். அடைபட்ட வாயிலை விட்டுவிட்டு, இரைப்பையை நேரடியாகச் சிறுகுடலோடு இணைப்பது வழக்கமான முறை. பிணி தீரும்; ஆனால் அமிலம் குறையாததால் இணைத்த இடத்திலேயே புதுப் புண் தோன்றலாம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்தால் அமிலம் குறையும். மெலிந்த உடல் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. எனவே இரைப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கட்டி, அதை வெட்டாமலே சுரப்பைக் குறைக்கும் வழியை முயன்று, 1945-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். அந்த முறை நிலைக்கவில்லை. நோயாளியின் நிலைக்கேற்பச் சிகிச்சையை வளைக்க நினைத்த மனம்தான் என்னைக் கவர்கிறது.

இன்னொரு கேள்வியும் அவரை விடவில்லை: இந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு? அவரும் டாக்டர் ஆரும் 1936-இல் எழுதிய கட்டுரை இதை ஆராய்ந்தது. மரச்சீனிக் கிழங்கையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் சத்துக் குறைந்த உணவின் மேல் சந்தேகம் விழுந்தது. குன்னூரில் மக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழையின் உணவைக் கொடுத்தபோது பலவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. பஞ்சாபின் கோதுமை, பால் உணவை உண்டவை நலமாக இருந்தன. மிளகாயின் மீதும் பழி போடப்பட்டது. நம் வீடுகளில் அந்தப் பழி இன்றும் தீரவில்லை!

முழு விடை அதுவன்று. 1980களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை இந்தப் புண்ணோடு இணைத்துக் காட்டினர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அந்தக் கிருமி பரவுவதும் நெருக்கடியான வீடுகளிலும் சுகாதாரக் குறைவிலும்தான். கிருமியைச் சோமர்வெல் காணவில்லை. அது செழித்த வறுமையைக் கண்டிருந்தார். கிருமி தொற்றிய எல்லோருக்கும் புண் வருவதில்லை என்பதால், உணவு பற்றிய அவரது கேள்வியை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. புண் தெரிந்தும் கிருமி உண்டா என்று பரிசோதிக்காமல் அமிலத்தை மட்டும் மாத்திரையால் அடக்கிக்கொண்டே போகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள்.

நெய்யூரில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைத்தபின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, மலையேறிகளின் புகழ்பெற்ற ஆல்பைன் கழகத்துக்குத் தலைவரானார். 1975 ஜனவரி 23 அன்று ஆம்பிள்சைடில் காலமானார். அடுத்த ஆண்டு, அமிலச் சுரப்பை வேரிலேயே தடுக்கும் முதல் மாத்திரையான சிமெடிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.