ழான் ஆன்றி ரீசெனர்

ழான் ஆன்றி ரீசெனர் (சூலை 4, 1734 – சனவரி 6, 1806) பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற அறைகலன் கலைஞர் ஆவார். அரசர் பதினைந்தாம் லூயிக்காக இவர் செய்து முடித்த எழுதுமேசை, பிரெஞ்சு மரவேலைப்பாட்டின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமை

ரீசெனர் இன்றைய செருமனியிலுள்ள கிளாட்பெக் என்னும் ஊரில் பிறந்தார். இளவயதில் பாரிசு சென்று, ழான் பிரான்சுவா ஓபென் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். 1763 இல் ஓபென் இறந்தார். 1767 இல் அவருடைய கைம்பெண்ணை ரீசெனர் மணந்தார். 1768 இல் தேர்ந்த கலைஞராகத் தொழிற்சங்கத்தால் ஏற்கப்பட்டார்.

அரசரின் மேசை

இம்மேசையை 1760 இல் ஓபென் தொடங்கினார். 1769 இல் ரீசெனர் நிறைவு செய்தார். பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரான புதுச்சேரி 1761 இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டதும், 1765 இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியதும் இதே காலப்பகுதியில்தான்.

பல நிற மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, மலர் முதலிய உருவங்களாக வெட்டி, மேசையின் பரப்பில் ஒட்டியுள்ளனர். வெண்கல உருவங்களுக்குப் பொன்முலாம் பூசப்பட்டுள்ளது. அக்காலத்தில் பொன்னையும் பாதரசத்தையும் கலந்து வெண்கலத்தில் தடவிச் சூடாக்குவர். பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் படியும். அந்த நச்சு ஆவி தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுத்தது.

ஒரே சாவியால் உருளை மூடியையும் இழுப்பறைகளையும் பூட்டலாம். மை நிரப்பும் பணியாளர் பக்கவாட்டிலுள்ள சிறு அறைகளை மட்டுமே திறக்க முடியும். இதனால் அரசரின் ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டன.

புரட்சியும் இறுதிக்காலமும்

1774 இல் ரீசெனர் அரசவைக் கலைஞரானார். அடுத்த பத்தாண்டுகளில் 700க்கும் மேற்பட்ட அறைகலன்களை அரண்மனைகளுக்கு வழங்கினார். 1784க்குப் பின் அரண்மனை நிருவாகம் செலவைக் குறைக்க வேறு கலைஞர்களை நாடியது. எனினும் அரசி மரீ அந்துவானெத் இவரைத் தொடர்ந்து ஆதரித்தார்.

1789 இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியால் இவருடைய வாடிக்கையாளர்கள் மறைந்தனர். 1793–94 இல் அரச உடைமைகள் ஏலம் விடப்பட்டபோது, தம் படைப்புகள் சிலவற்றைத் தாமே வாங்கினார். ஆனால் அவற்றை இலாபத்துடன் விற்க இயலவில்லை. 1794 இல், அறைகலன்களிலிருந்த அரச சின்னங்களை அகற்றும் பணி இவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தாம் அரசருக்காகப் பதித்த சின்னங்களைத் தாமே நீக்க வேண்டியவரானார். 1801 இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, செல்வம் இழந்த நிலையில் 1806 இல் பாரிசில் காலமானார்.

சின்னங்கள் நீக்கப்பட்டதால் மேசை அழிவிலிருந்து தப்பியது. அது தற்போது வெர்சாய் அரண்மனையில் உள்ளது.