ஒரே இரவில் மூன்று அழைப்புகள்

கடந்த விடுமுறையில் பாட்டியை ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். முன்பு அவருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தவர் ஆண் மருத்துவர்தான். பாட்டி மறுப்பேதும் சொல்லவில்லை. இம்முறை கருப்பைப் பரிசோதனை. உள்ளே ஆண் மருத்துவரைக் கண்டதும் வெளியே வந்துவிட்டார். பெண் டாக்டருக்காக மதியம் மூன்று மணி வரை காத்திருந்தோம். எனக்கோ ஒரே எரிச்சல். அந்த நாற்காலியில்தான் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது.

ஐடா 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் அமெரிக்க மிஷன் மருத்துவர். பஞ்சத்தையும் நோயையும் சிறு வயதிலேயே கண்ட ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயின் உடல்நலக் குறைவால்தான் 1890இல் திண்டிவனம் திரும்பினார்.

அங்கே ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவிக்குப் பிரசவச் சிக்கல். ஐடா வரவேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தை வருவார், தானும் உடன் வருகிறேன் என்று ஐடா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் தொடுவதற்கு அவர் இசையவில்லை. அதே இரவில் ஒரு முஸ்லிம் கணவரும், பின் இன்னோர் இந்துக் கணவரும் வந்து, அவ்வாறே திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர். மருத்துவர் சில தெருக்கள் தள்ளி விழித்திருந்தும் உயிர்கள் போயின. மறுத்தவர்கள் கணவன்மார்கள், அந்தப் பெண்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் பாட்டியின் மறுப்பு அவருடையது. இந்த வேறுபாடு சிறியதன்று.

அந்தக் கணவர்களை ஐடா கடிந்துகொண்டிருக்கலாம். அதை விடுத்து, அவர்கள் ஏற்கும் மருத்துவராகத் தாமே ஆக முடிவு செய்தார். பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். வேலூர் திரும்பிய சில மாதங்களில் தந்தை காலமானார். பெண் டாக்டர் வந்துவிட்டார் என்று கூட்டம் அலைமோதவில்லை. இளம்பெண்ணிடம் உயிரை ஒப்படைக்க மக்கள் முதலில் தயங்கத்தான் செய்தனர். நம்பிக்கையை ஒவ்வொரு நோயாளியாகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவரே எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் கப்பலேறிப் புறப்பட்ட வட ஆற்காட்டு மண்ணில்தான் இது நடந்தது. இங்கே பேராக் தோட்டங்களில் மருந்து கொடுத்த டிரசர் ஆண்; பிரசவம் என்றால் லயத்துப் பெண்கள் மருத்துவச்சியைத்தான் தேடினார்கள் என்று பாட்டி சொல்வார்.

1938இல் சோதனை வந்தது. பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயராவிட்டால் பள்ளி நிலைக்காது என்ற நிலை; அதற்கான பணமோ பெண்கள் அமைப்புகளிடம் மட்டும் இல்லை. ஆண்களையும் சேர்ப்பதே வழியென ஐடா ஒப்புக்கொண்டபோது, பெண்களுக்கென்றே பணம் திரட்டித் தந்த நெடுநாள் தோழியர் சிலர் மனம் கசந்தனர். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். ஐடா செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது, அந்தத் தோழியரின் வருத்தமும் பொய்யன்று. இந்தியப் பெண் மருத்துவரான ஹில்டா லாசரஸ் பின்னர் அக்கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

மூன்று மணிக்குப் பெண் டாக்டர் வந்தார். பாட்டி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.