சாவித்திரி: ஒரே உடலுக்கு எத்தனை அளவுகோல்கள்?

பாசமலர் என்ற பெயரைக் கேட்டதும் கண்கலங்கும் அம்மம்மாமார் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பேத்திமாரோ கைத்தொலைபேசியில் மெலிந்த மொடல்களின் படங்களைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள். இந்த இரு தலைமுறைகளும் சேர்ந்து அறியவேண்டிய வாழ்க்கை நடிகை சாவித்திரியினுடையது.

1930களில் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்த சாவித்திரி, கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாயின் தமக்கை குடும்பத்தின் ஆதரவில் விஜயவாடாவில் வளர்ந்து நடனமும் நாடகமும் பழகினார். 1950இல் வெளியான சம்சாரம் என்ற தெலுங்குப் படத்தில் முதலில் கிடைத்த கதாநாயகி வேடம் கைநழுவிப் போக, சிறு வேடமே மிஞ்சியது. ஆனால் 1953இல் தேவதாஸ், 1955இல் மிஸ்ஸியம்மா எனச் சில ஆண்டுகளிலேயே முன்னணிக்கு வந்தார்.

1957இல் வெளியான மாயாபஜாரில், மணப்பெண் வத்சலாவின் உருவத்துக்குள் புகுந்த கடோத்கஜனாக அவர் நடித்தார். எஸ்.வி. ரங்காராவின் கனத்த நடையையும் மிடுக்கையும் ஒரு மெல்லிய பெண்ணின் உடம்பில் காட்டினார். கனம் என்பது தராசில் மட்டும் இல்லை என்பதை ரசிகர்கள் அன்று கண்டார்கள்.

1961இல் பாசமலர் வந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் சாவித்திரியின் உடல் பருத்தது. ஆனாலும் 1964இல் சிவாஜி கணேசனின் 100ஆவது படமான நவராத்திரியில் அவரே கதாநாயகி. 1965இல் திருவிளையாடலில் பார்வதியாகவும் வந்தார். பூசினாற்போன்ற உடம்பைச் செழிப்பின் அடையாளமாகவே அக்காலத்து மக்கள் பார்த்தார்கள்.

உலகின் அளவுகோல் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. 1966இல் இலண்டனில் ட்விக்கி என்ற மிக மெலிந்த இளம்பெண் புகழ்பெற்ற மொடலானார். ஒல்லியே அழகு என்ற எண்ணம் நாடு நாடாகப் பரவியது.

சாவித்திரிக்கோ வேறு சுமைகள் வந்தன. ஜெமினி கணேசனுடனான மணவாழ்வு முறிந்தது. 1971இல் தானே தயாரித்து இயக்கிய பிராப்தம் தோல்வியடைந்தது. கடன், வரிப் பிரச்சினை, மது, நீரிழிவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. கதாநாயகியாக நடித்தவர் அம்மா வேடங்களுக்கு இறங்கினார். அவருடைய பருமனைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அந்த உடம்புக்குள் இருந்த நோயையும் துயரத்தையும் விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

1980 மே மாதத்தில் பெங்களூரில் நினைவிழந்த அவர் மீளவேயில்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்து எலும்பும் தோலுமானார். அந்தக் கோலத்தில் எடுத்த படமும் ஊரெல்லாம் சுற்றியது. பருத்தபோது பேச்சுக்குப் பொருளான உடம்பு, மெலிந்தபோது வேடிக்கைப் பொருளானது. 1981 டிசம்பர் 26ஆம் திகதி, ஐம்பது வயதைத் தொடாமலேயே அவர் காலமானார்.

அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்து, 2006 செப்டம்பரில், உயரத்துக்கேற்ற எடையில்லாத மொடல்களை மேடையேற்ற மாட்ரிட் நகரின் பஷன் விழா மறுத்தது. ஆனாலும் நவம்பரில் அனா கரோலினா ரெஸ்டன் என்ற பிரேசில் மொடல் 21 வயதில் இறந்தார். சாப்பாட்டை ஒதுக்கும் நோய் அவரைக் கொன்றது. 174 சென்ரிமீற்றர் உயரமான அவரின் எடை அப்போது ஏறத்தாழ 40 கிலோ. அதே நவம்பரில் எங்கள் வாகரைப் பகுதியில் சிக்கியிருந்த சனங்கள் ஷெல் வீச்சுக்கு நடுவே ஒருவேளைச் சோற்றுக்குத் தவித்தார்கள்.

பசியால் மெலிந்தவர்களைப் பார்த்த சமூகம் நாங்கள். மெலிந்து வந்த பிள்ளையைக் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதே எங்கள் வழக்கம். இன்று கல்யாண வீட்டிலும் பேஸ்புக்கிலும் ஏன் இப்படிக் குண்டாகிவிட்டாய் என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். எடை கூடினாலும் குறைந்தாலும் வைத்தியரிடம் போய் இரத்தத்தில் சீனியைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் சுகமாக இருக்கிறாயா என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். சாவித்திரியின் வாழ்க்கை எங்களிடம் கேட்பது அதைத்தான்.